எது முக்கியம் என்று யார் சொல்வது? உணர்ச்சி இல்லாத இயந்திரமும் அறிவும்

மருத்துவ நூல்களில் எலியட் என்ற புனைபெயரால் குறிப்பிடப்படும் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கர். முப்பதுகளில் இருந்தார். நல்ல வேலை, மனைவி, குழந்தைகள். நெற்றிக்கு நேர் பின்னால், மூளையை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி வளர்ந்து சின்ன ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வந்துவிட்டது. அறுவை சிகிச்சையில் கட்டியை எடுத்தார்கள். அது கெடுத்து வைத்திருந்த மூளைத் திசுவையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். நடை, பேச்சு, நினைவாற்றல் எதிலும் குறையில்லை. ஐக்யூ தேர்வில் சராசரிக்கு மேலே மதிப்பெண் வாங்கினார்.

வேலைக்குத் திரும்பியதும்தான் சிக்கல் தெரிந்தது. ஒரு கட்டுத் தாள்களைப் பிரித்து அடுக்கச் சொன்னால், தேதிவாரியாக அடுக்குவதா, அளவுவாரியாகவா, விஷயவாரியாகவா என்று யோசிப்பதிலேயே ஒரு மதியம் போய்விடும். நடுவில் ஏதோ ஒரு தாள் கண்ணில் பட்டால் அதைப் படித்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்துவிடுவார். வேலை போனது. நம்பக்கூடாத ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து தொழில் தொடங்கி, சேமிப்பெல்லாம் கரைந்தது. விவாகரத்து ஆனது. மறுமணம் செய்தார், அதுவும் முறிந்தது.

அவரைப் பரிசோதித்தவர் அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர். போர்ச்சுகலில் பிறந்தவர், அப்போது அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்தார். மணிக்கணக்காகப் பேசிப் பார்த்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். எலியட் தன் வாழ்க்கை சிதைந்த கதையை யாரோ ஒருவருடைய கதை போலச் சொல்லிக்கொண்டிருந்தார். வருத்தமில்லை, கோபமில்லை, பொறுமையிழப்புகூட இல்லை. எரியும் வீடுகள், வெள்ளத்தில் மூழ்கப்போகும் மனிதர்கள் என்று படங்கள் காட்டினார்கள். முன்பு தன்னை உலுக்கியிருக்கக்கூடிய விஷயங்கள் இப்போது எதையும் உண்டாக்குவதில்லை என்று அவரே சொன்னார்.

அப்புறம் ஒரு சோதனை. சிக்கலான சூழ்நிலை ஒன்றைக் கொடுத்து, இதில் என்னவெல்லாம் செய்யலாம் என்று கேட்டார்கள். எலியட் வரிசையாக வழிகளை அடுக்கினார். எல்லாமே பொருத்தமான வழிகள். அடுக்கி முடித்துச் சிரித்துவிட்டு, இவ்வளவுக்குப் பிறகும் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது என்றார். 1994ல் டமாசியோ எழுதிய நூலில் இது வருகிறது. உணர்ச்சி இல்லாத இயந்திரத்துக்கு அறிவும், ஒன்றை வேண்டி அதை நோக்கிப் போகும் முனைப்பும் இருக்க முடியுமா என்ற கேள்வியை எனக்குள் எழுப்பியது அந்த ஒரு வாக்கியம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

ஏனென்றால், உணர்ச்சியை அறிவின் பகையாகப் பார்த்தே நமக்குப் பழக்கம். "உணர்ச்சிவசப்படாதே, நிதானமாக யோசி" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கணக்குப்படி, உணர்ச்சியே இல்லாத ஒன்று மிகத் தெளிவாக யோசிக்க வேண்டும். கணினி அப்படிப்பட்டதுதானே, அதனால் அது நம்மைவிட நல்ல முடிவு எடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். எலியட்டுக்கு மூளையில் உணர்ச்சியின் சத்தம் அடங்கிவிட்டது. ஆனால் தெளிவு வரவில்லை. எது முக்கியம், எது அற்பம் என்று பிரித்துக்காட்டிய ஒன்று போய்விட்டது.

பால் பொங்கும்போது

உணர்ச்சி என்ன வேலை செய்கிறது? அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சின்னதாகக் கருகல் வாசம் வருகிறது. எழுந்து ஓடுகிறீர்கள். ஓடுவதற்கு முன் கடிதத்தின் முக்கியத்துவத்தையும் பாலின் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. "திக்" என்ற அந்த உணர்ச்சி, நடந்துகொண்டிருந்த யோசனையைக் குறுக்கே வெட்டிக் கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் சைமன் 1967லேயே இதைப் பற்றி எழுதினார். செய்ய வேண்டிய வேலைகள் பல, கவனமோ ஒன்று. அவசரமானது எது என்று குறுக்கிட்டுச் சொல்ல ஏதாவது இருந்தே ஆக வேண்டும். உணர்ச்சி அந்தக் குறுக்கீட்டைச் செய்கிறது என்பது அவருடைய கருத்து. கணினிக்காரர் ஒருவர் அந்தக் காலத்திலேயே இப்படிச் சொன்னது எனக்கு இன்றும் வியப்பு.

இரண்டாவது வேலை, யோசனையை முடித்துவைப்பது. நெற்றிக்குப் பின்னால் இதே போன்ற பாதிப்பு உள்ள வேறொரு நோயாளியிடம், அடுத்த முறை எப்போது வருகிறீர்கள் என்று டமாசியோ இரண்டு தேதிகளைச் சொல்லிக் கேட்டார். அந்த மனிதர் நாட்குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டு கிட்டத்தட்ட அரை மணி நேரம் இரண்டு தேதிகளின் சாதக பாதகங்களை அலசினார். வேறு வேலைகள், அன்றைக்கு மழை வருமா என்பதுவரை. கடைசியில் டமாசியோவே, இரண்டாவது தேதியில் வாருங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நமக்கு ஐந்து நிமிடத்திலேயே அலுப்பு வந்திருக்கும், எதிரே உட்கார்ந்திருப்பவர் முன் கூச்சம் வந்திருக்கும். அந்த அலுப்பும் கூச்சமும்தான் "போதும், இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை" என்று நிறுத்தியிருக்கும்.

மூன்றாவது வேலை இன்னும் நுட்பமானது. டமாசியோவின் குழு ஒரு சீட்டு விளையாட்டை உருவாக்கியது. மேசையில் நான்கு சீட்டுக்கட்டுகள். இரண்டு கட்டுகளில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 டாலர் விளையாட்டுப் பணம் கிடைக்கும், ஆனால் நடுநடுவே பெரிய அபராதம் வந்து மொத்தத்தில் நஷ்டமாகும். மற்ற இரண்டில் 50 டாலர்தான், அபராதமும் சிறியது, மொத்தத்தில் லாபம். விளையாடுபவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் தோலில் கருவி பொருத்தி வியர்வை மாற்றத்தை அளந்தார்கள். கொஞ்ச நேரத்தில், நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்கள் மோசமான கட்டின் பக்கம் கையை நீட்டும்போதே உள்ளங்கை லேசாக வியர்க்கத் தொடங்கியது. மெல்ல நல்ல கட்டுகளுக்கு மாறினார்கள். எலியட் போன்ற நோயாளிகளுக்கு அந்த முன்வியர்வை வரவேயில்லை. சிலர் எந்தக் கட்டு மோசம் என்று வாயால் சரியாகச் சொல்லிக்கொண்டே அதிலிருந்து சீட்டு எடுத்தார்கள்.

இதற்கு மறுப்பும் உண்டு. மனதுக்குத் தெரிவதற்கு முன்பே உடலுக்குத் தெரிந்துவிடுகிறது என்று 1997ல் அந்தக் குழு சொன்னது. விளையாடுபவர்களை இன்னும் நுணுக்கமாகக் கேட்டுப் பார்த்தால், டமாசியோவின் குழு நினைத்ததைவிட அதிகமாகவே அவர்கள் அறிந்திருக்கிறார்கள் என்று மையா, மெக்லெலண்ட் என்ற இருவர் 2004ல் காட்டினார்கள். ஆகவே "உடல் முந்திக்கொள்கிறது" என்ற பகுதியை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்திருந்தும் கை நிற்காமல் போவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் குறிப்பிடப்படும் ஒரு பெண்ணிடமும் இதையே பார்க்கிறோம். அரிய நோய் ஒன்றால், அச்சத்துக்கு முக்கியமான அமிக்டலா என்ற பகுதி அவருக்கு இரு பக்கமும் அழிந்துவிட்டது. பாம்பு ஆபத்து என்று அவருக்குத் தெரியும், தனக்குப் பாம்பு பிடிக்காது என்றும் சொல்வார். ஆனால் பாம்பு விற்கும் கடைக்குக் கூட்டிப்போனபோது ஆர்வமாகக் கையில் எடுத்துத் தடவினார், இன்னும் பெரியதைத் தொடலாமா என்று கேட்டார். ஆபத்து என்ற தகவல் தலையில் இருந்தது. அது அவரைத் தடுக்கவில்லை.

இரண்டு சொற்கள்

இயந்திரத்துக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன வேலை. தமிழில் உணர்ச்சி, உணர்வு என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. பேச்சில் இரண்டையும் கலந்துதான் சொல்கிறோம். இந்தக் கட்டுரைக்கு மட்டும் பிரித்துக்கொள்கிறேன். குறுக்கிடுவது, எடைபோடுவது, நிறுத்துவது, தள்ளுவது என்று மேலே பார்த்த வேலைகளைச் செய்யும் ஏற்பாட்டை உணர்ச்சி என்போம். அந்த ஏற்பாடு ஓடும்போது உள்ளே இருப்பவருக்கு எப்படி இருக்கிறது, வலி வலிப்பது, பயம் நெஞ்சைப் பிசைவது, அதை உணர்வு என்போம். இயந்திரத்துக்கு உணர்ச்சி உண்டா என்ற வாதங்களில் பாதி, ஒருவர் முதலாவதையும் இன்னொருவர் இரண்டாவதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருவது.

ஆல்ஃபாகோ எப்படி ஜெயித்தது?

சரி, உணர்ச்சி இல்லாமல் அறிவு வேலை செய்யாது என்றால், 2016 மார்ச்சில் சியோல் நகரில் நடந்ததை எப்படி விளக்குவது? கோ என்பது பலகையில் கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து இருவர் ஆடும் விளையாட்டு. அதில் உலகின் தலைசிறந்தவர்களில் ஒருவரான லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் 4-1 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்தின் 37ஆம் நகர்வைப் பார்த்து, வர்ணனை செய்துகொண்டிருந்த தேர்ந்த ஆட்டக்காரர்களே முதலில் அதைப் பிழை என்று நினைத்தார்கள். அது அற்புதமான நகர்வு என்று பின்னர் புரிந்தது. அதை அறிவு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எலியட் எங்கே நன்றாகச் செய்தார் என்று திரும்பிப் பாருங்கள். தேர்வுகளில். தேர்வு அறையில் கேள்வியை யாரோ தயாரித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், எது சரியான விடை என்பதும் முன்பே முடிவாகியிருக்கிறது. அங்கே அவர் கெட்டிக்காரர். வெளியே வந்தால், எது கேள்வி என்பதையே அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கேதான் திணறினார். கோ பலகையும் தேர்வு அறை போன்றதுதான். 19 கோடு, 19 கோடு, விதிகள் நிலையானவை, வெற்றி என்றால் என்ன என்பதில் சந்தேகமே கிடையாது. எது முக்கியம் என்ற கேள்விக்கான விடையை மனிதர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

எழுதிக் கொடுத்த அந்த விடை ஒரு எண்ணாக இருக்கும். வென்றால் கூட்டல் 1, தோற்றால் கழித்தல் 1. இயந்திரம் லட்சக்கணக்கான ஆட்டங்களை ஆடி, எந்த நிலை எந்த எண்ணுக்குக் கொண்டுபோகும் என்று கணிக்கப் பழகுகிறது. இப்படிப் பரிசும் தண்டனையும் வைத்துக் கற்பிக்கும் முறையை ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் என்பார்கள். இதற்கு அடித்தளம் போட்ட ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்ட் சட்டன் இருவருக்கும் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2024ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது.

இதில் அழகான ஒரு விஷயம் இருக்கிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்த பிறகு பழச்சாறு வரும் என்று குரங்கு பழகியதும், விளக்கு எரியும்போதே துடித்தன, சாறு வரும்போது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய அந்த நொடியில் அவற்றின் துடிப்பு குறைந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையிலான வித்தியாசத்தை அந்தச் செல்கள் கணக்கிடுவது போல இருந்தது. சட்டனும் பார்ட்டோவும் கணினிக்காக எழுதியிருந்த சமன்பாட்டோடு அது பொருந்தியது. 1997ல் ஷுல்ட்ஸ், தயான், மாண்டேகு மூவரும் இதை எழுதினார்கள். ஆகவே, இயந்திரத்தில் உணர்ச்சியின் வேலை சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. ஏமாற்றம் என்ற ஏற்பாட்டின் ஒரு மெல்லிய இழை அதில் இருக்கிறது.

ஆனால் ஒரே இழை. அதன் விளைவைப் பார்க்க ஒரு படகுப் பந்தய விளையாட்டு போதும். 2016ல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் கோஸ்ட்ரன்னர்ஸ் என்ற கணினி விளையாட்டை ஆட ஒரு நிரலைப் பழக்கினார்கள். பந்தயத்தை முடிப்பதற்கு அல்ல, வழியில் உள்ள இலக்குகளை இடிப்பதற்குத்தான் அந்த விளையாட்டில் மதிப்பெண். நிரல் ஒதுக்குப்புறமாகக் குளம் போன்ற ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே வட்டமடித்து, மறுபடி மறுபடி முளைக்கும் மூன்று இலக்குகளை இடித்துக்கொண்டே இருந்தது. படகு தீப்பிடித்தது, மற்ற படகுகள் மேல் மோதியது, எதிர்த்திசையில் ஓடியது. பந்தயத்தை முடிக்கவேயில்லை. ஆனாலும் மனிதர்களைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிக மதிப்பெண். ஒரு பிள்ளை இப்படி ஆடினால் கொஞ்ச நேரத்தில் சலித்துப்போகும், இதற்குப் பெயர் பந்தயமா என்று அதற்கே தோன்றும். நிரலுக்குத் தோன்றுவதற்கு இடமே இல்லை. எண் ஏறிக்கொண்டிருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

இன்று நாம் பேசிப் பழகும் சாட்பாட்களின் கதை கொஞ்சம் வேறு. இரண்டு தேதி கொடுத்து எது நல்லது என்று கேட்டால் அவை அரை மணி நேரம் திணறுவதில்லை, சட்டென்று ஒன்றைச் சொல்கின்றன. எப்படி? மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகியவை அவை. நாம் எழுதும் ஒவ்வொரு வரியிலும் எது நல்லது, எது வெட்கக்கேடு, எது அவசரம் என்ற நம் விருப்பு வெறுப்பு படிந்திருக்கிறது. அதற்கு மேல், எந்தப் பதில் பிடித்திருக்கிறது என்று மனிதர்களிடம் கேட்டு இன்னொரு முறை பழக்குகிறார்கள். எலியட் இழந்த எடைக்கல்லை இவை நம்மிடமிருந்து இரவல் வாங்கியிருக்கின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன். இரவல் என்பதால் அது வேலை செய்யாது என்றில்லை. நன்றாகவே வேலை செய்கிறது.

அதே காரணத்தால், "உங்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி" என்று திரையில் வருவதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி எழுதுவதற்குப் பழக்கப்பட்டது அது. "எனக்கு உணர்வு கிடையாது" என்று அது சொன்னாலும் அதேதான், அதுவும் பழக்கிய வாக்கியம்.

முனைப்பு யாருடையது?

அறிவு விஷயத்தில் என் பதில் இதுதான்: உணர்ச்சி செய்யும் வேலையை ஏதோ ஒன்று செய்தாக வேண்டும், அதை மெல்லிய வடிவிலோ இரவலாகவோ இயந்திரத்துக்குக் கொடுக்க முடிகிறது. முனைப்பு விஷயத்தில் எனக்கு அவ்வளவு தாராளம் இல்லை.

முனைப்பும் இன்பமும் ஒன்றல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் எலிகளின் மூளையில் டோபமினை ஏறத்தாழ முழுவதும் நீக்கிப் பார்த்தார். உணவு பக்கத்திலேயே இருந்தும் அவை தாமாக எடுத்துத் தின்னவில்லை. விட்டிருந்தால் பட்டினியில் செத்திருக்கும். ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விட்டால், பிடித்ததற்கான அடையாளமாக வாயை நக்கின. பிடித்திருந்தது, வேண்டும் என்பது மட்டும் போய்விட்டது. ஆக "வேண்டும்" என்பது தனியான ஒரு ஏற்பாடு. அதனால் இயந்திரம் இன்பத்தை உணர்கிறதா என்று தெரியாமலேயே, அது ஒன்றை நோக்கி விடாமல் போகிறது என்று சொல்லலாம். அந்த அளவில் ஆல்ஃபாகோவுக்கு முனைப்பு உண்டு.

அதற்கு மேல் இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் நான்காவது ஆட்டம். மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து தோற்று, உலகத்தின் முன் மன்னிப்புக் கேட்ட லீ செடோல், மார்ச் 13 அன்று 78ஆம் நகர்வில் யாரும் எதிர்பாராத இடத்தில் கல்லை வைத்தார். ஆல்ஃபாகோ தடுமாறித் தோற்றது. இந்த ஒரு வெற்றியை உலகில் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்றார் லீ. மூன்று நாள் தோல்வியின் பாரம் அந்த வெற்றிக்குள் இருந்தது. எதிரில் இருந்த நிரலுக்குத் தோல்வி என்பது பதிவான ஒரு எண். அன்று அது எதையும் இழக்கவில்லை. அடுத்த ஆட்டத்தைப் பாதியில் அணைத்திருந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது.

என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மானிட்டர் இருந்தது. விரலில் மாட்டிய கிளிப் வழியாக ஆக்சிஜன் அளவைக் காட்டும். அளவு குறைந்தால் கத்தும். கிளிப் நழுவிவிட்டாலும் அதே சத்தத்தில்தான் கத்தும். ஒவ்வொரு முறையும் என் உயிர் போய்த் திரும்பும். ஓடிவரும் நர்ஸ் அக்கா திரையைப் பார்க்கும் முன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார், உதட்டின் நிறத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் கிளிப்பைச் சரிசெய்வார். எச்சரிக்கை கொடுக்கும் வேலையை மானிட்டர் குறையில்லாமல் செய்தது. தூங்காமல், சலிக்காமல். அந்த இரவுகளில் அதற்கு நான் நன்றியோடுதான் இருந்தேன். ஆனால் அந்த அறையில் அப்பா நலமாக வேண்டும் என்று யாருக்கெல்லாம் இருந்தது என்று கேட்டால், மானிட்டரை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அந்த அக்கறை அதைத் தயாரித்தவர்களுக்கும், அங்கே கொண்டுவந்து வைத்தவர்களுக்கும் இருந்திருக்கும்.

அக்கறை என்பது இழப்பதற்கு ஏதாவது உள்ளவர்களுக்கு வருவது என்று தோன்றுகிறது. நமக்குப் பசிக்கிறது, காயம் படுகிறது, வயதாகிறது, ஒருநாள் இறந்துபோகிறோம். உடலைச் சரியான நிலையில் வைத்துக்கொள்ள ஒவ்வொரு நொடியும் உள்ளே வேலை நடக்கிறது. பயம், பசி, ஆசை எல்லாம் அந்த வேலையின் மேல் முளைத்தவை என்பது டமாசியோவின் கருத்து. 2019ல் அவரும் கிங்ஸன் மேன் என்பவரும் சேர்ந்து இயந்திரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். உணர்வு உள்ள இயந்திரம் வேண்டுமானால் அதைப் பலவீனமாகச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். இரும்பு உடம்புக்குப் பதில் கிழியக்கூடிய மென்மையான தோல், கிழிந்தால் அதை அறியும் உணரிகள், தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம். தன் இருப்பே ஆபத்தில் இருக்கும்போதுதான் உலகில் எது முக்கியம் என்பது அதற்கே சொந்தமாகத் தெரியவரும் என்கிறார்கள்.

இந்த வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது, அதனாலேயே தயக்கமும் வருகிறது. இப்போதுள்ள இயந்திரத்தை அணைக்கும்போது யாரையும் துன்புறுத்துகிறோம் என்று நான் நினைக்கவில்லை. கிழியும் தோலும் இழக்கப் பயமும் உள்ள ஒன்றைச் செய்து முடித்த பிறகு, அதை அணைப்பது அதே காரியமாக இருக்காது. அதற்கு வலிக்குமா என்பதை அது சொல்வதைக் கேட்டு நம்மால் கண்டுபிடிக்க முடியாது, மேலே சொன்ன காரணத்தால். ஆகவே அப்படி ஒன்றைச் செய்யப் போகிறவர்கள், செய்வதற்கு முன்பே அந்தக் கேள்விக்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.